வேல்ஸ் பண்ணை வீடும் தானியக் கொட்டகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டிஃபில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும், இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நம்மவர்கள் யார் கேட்டாலும், நான் முதலில் கூட்டிப்போவது நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் சென்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்துக்குத்தான். பழைய வேல்ஸ் வீடுகளையும் கொட்டகைகளையும் அப்படியே உள்ளே போய்ப் பார்க்கலாம். போகிற ஒவ்வொரு தடவையும் அதே சந்தேகங்கள் வருகின்றன, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். ஒன்று மட்டும் முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: வீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கொட்டகையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பண்ணை வீடுன்னா என்ன, ஜமீன் பங்களாவா இல்ல ஏழைங்க குடிசையா?

இரண்டும் இல்லை. சொந்த நிலமோ நிலையான குத்தகையோ வைத்திருந்த, ஓரளவு வசதியான விவசாயி வீடு. நாம் இன்றைக்குப் பார்க்கிற 1500-களின் வீடுகள் எளிமையாகத் தெரிந்தாலும், அந்தக் காலத்தில் நல்ல ஓக் மரமும் தேர்ந்த தச்சரும் கிடைத்தவர்கள்தான் இப்படிக் கட்டினார்கள். அதே காலத்தில் பரம ஏழைகள் வாழ்ந்த வீடுகள் அநேகமாக மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. ஆகவே "பழைய ஏழை வீடு" என்று இதைப் படம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

இந்த வீடெல்லாம் இங்கேயே கட்டினதா? எப்படி எல்லாம் ஒரே இடத்துல இருக்கு?

இல்லை. வேல்ஸின் பல மூலைகளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தவை. 1948 ஜூலை 1-ம் தேதி இந்த அருங்காட்சியகம் திறந்தது, ஐயோர்வெர்த் பீட் என்ற அறிஞர்தான் இதற்கு உயிர் கொடுத்தவர். வீட்டை அளந்து, உத்திரத்துக்கும் கல்லுக்கும் எண் போட்டு, பிரித்து, லாரியில் ஏற்றி, இங்கே மறுபடி நிறுத்துவார்கள். இன்றைக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்த மட்டும் காசு.

ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. எதைப் பார்க்கிறது?

ஹென்ட்ரேர் அவித் இகாவ் வீடு (டென்பிஷயரிலிருந்து வந்தது, 1508), ஸ்ட்ரீட் லிடன் கொட்டகை (பென்லி என்ற ஊரிலிருந்து, சுமார் 1550), கிலெவென்ட் நீள வீடு, சிவப்புச் சுவர் கென்னிக்ஸ்டன். இந்த வரிசையில் போங்கள். மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

ரெண்டு வளைஞ்ச மரம் தரையிலிருந்து முகடு வரைக்கும் போகுதே, அது எப்படி அவ்வளவு சமமா வளைஞ்சிருக்கு?

இயற்கையாகவே வளைந்து வளர்ந்த ஒரு ஓக் மரத்தைத் தேடிப்பிடித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரே மரத்தின் இரு பாதி என்பதால் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி பொருந்தும். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்தால் ஒரு கவை. இதற்கு வெல்ஷ் மொழியில் நென்ஃபோர்க் என்று பெயர். இப்படி நாலைந்து கவைகளை வரிசையாக நிறுத்தினால் வீட்டின் எலும்புக்கூடு தயார். ஹென்ட்ரேர் வீடு இப்படி ஐந்து கண்ணறைகளாகப் (ஒரு கவைக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள பகுதிதான் கண்ணறை) பிரிந்திருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம், கூரையின் பாரம் முழுக்க இந்தக் கவை வழியாக நேரே தரைக்குப் போய்விடுகிறது. சுவர் வெறும் மறைப்புதான், அது எதையும் தாங்கவில்லை. அதனால்தான் கிலெவென்ட் வீட்டில் 1470 வாக்கில் போட்ட கவைச் சட்டகத்துக்கு 1734-ல் பழைய மரச்சுவரை எடுத்துவிட்டுக் கல் சுவர் வைக்க முடிந்தது. கூரையைப் பிரிக்காமலேயே சுவரை மாற்றலாம்.

பக்கத்தில் போய்க் கவையும் குறுக்குச் சட்டமும் சேரும் மூட்டைப் பாருங்கள். உளியால் கீறிய I, II, III, IIII மாதிரிக் கோடுகள் இருக்கும். தச்சர்கள் தங்கள் முற்றத்தில் சட்டகத்தை முதலில் படுக்கப்போட்டுப் பொருத்திப் பார்த்து, எந்த மூட்டு எதோடு சேரும் என்று போட்ட அடையாளம் அது. விரலால் தடவினால் இன்றைக்கும் கீறல் தட்டுப்படும், எனக்கு ஒவ்வொரு தடவையும் மெய்சிலிர்க்கும்.

சுவர் என்ன, மண்ணா?

கிழக்கு வேல்ஸ் வீடுகளில் ஓக் சட்டத்துக்கு நடுவே மிலாறு பின்னித் தட்டி கட்டி, அதன்மேல் களிமண், சாணம், வைக்கோல் குழைத்து அப்புவார்கள், மேலே சுண்ணாம்பு பூச்சு. மேற்கிலும் வடமேற்கிலும் நல்ல மரம் குறைவு, கல்லுக்குப் பஞ்சமில்லை, ஆகவே அங்கே கல் சுவர். ஊருக்கு ஊர் வீடு மாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

புகைபோக்கி எங்கே? அடுப்பே நடுக்கூடத்துல இருக்கு!

1508-ல் கட்டிய ஹென்ட்ரேர் வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுத் தரையில் நெருப்பு, மேலே முகடு வரைக்கும் திறந்த வெளி, புகை மெல்ல மேலேறிக் கூரை வேய்ந்த வைக்கோல் வழியாகவும் இடுக்குகள் வழியாகவும் கசிந்து வெளியேறும். ஜன்னலில் கண்ணாடியும் இல்லை, மரக் குத்துச்சட்டங்களும் உள்பக்கம் மூடும் பலகையும்தான். கண் எரியாதா என்றால் எரியும்தான், ஆனால் புகை தலைக்கு மேலே ஒரு படலமாகத் தங்கும், தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் அவ்வளவு தெரியாது. நெருப்பு மூட்டியிருக்கும் நாளில் போனால் நீங்களே உட்கார்ந்து பார்க்கலாம்.

மாடும் மனுஷங்களும் ஒரே கூரைக்குக் கீழேயா? நாத்தம் அடிக்காதா?

ஆமாம், ஒரே கூரைதான். கிலெவென்ட் அதற்கு நல்ல உதாரணம், மத்திய வேல்ஸில் கிளார்வென் பள்ளத்தாக்கிலிருந்து வந்த வீடு. இந்த வகைக்கு டீ ஹீர், அதாவது நீள வீடு என்று பெயர். ஒரு முனையில் குடும்பம், மறு முனையில் மாடுகள், நடுவே ஒரு ரேழி. குளிர்காலத்தில் ஆறு மாதம் மாடு வெளியே போகாது, ராத்திரி பனியிலும் மழையிலும் வெளியே இறங்காமல் தீவனம் வைக்கலாம், கன்று போடும் மாட்டைப் படுக்கையிலிருந்தே காது கொடுத்துக் கேட்கலாம். மாட்டின் உடற்சூடும் கொஞ்சம் இந்தப் பக்கம் வரும்.

நாற்றத்துக்கு விடை நிலத்தின் சரிவில் இருக்கிறது. வீட்டைச் சரிவின் குறுக்கே வைக்காமல், மேலிருந்து கீழாக, மலையைக் குத்துவது போல நீளவாக்கில் வைத்திருக்கிறார்கள். மேல் முனையில் மனிதர்கள், கீழ் முனையில் மாடுகள். மூத்திரமும் கழுவிய தண்ணீரும் வாய்க்கால் வழியே கீழ்ச்சுவரைத் தாண்டி எரு மேட்டுக்குப் போய்விடும். வீட்டுக்குள் ஒரு சொட்டு திரும்பி வராது.

அப்போ "மேல் பக்கம்"னா மரியாதையான பக்கமா?

சரியாகப் பிடித்தீர்கள். மாடு இல்லாத வீடுகளிலும் இதே ஒழுங்குதான். கூடத்தின் மேல் முனையில் வீட்டுத் தலைவர் உட்காரும் பெஞ்சும் மேஜையும், அதற்குப் பின்னால் படுக்கை அறை. கீழ் முனையில் கதவு, ரேழி, சாமான் அறைகள். உள்ளே நுழைகிறவர் தாழ்ந்த பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

கொட்டகைக்கு எதுக்கு எதிரெதிரா ரெண்டு பெரிய கதவு? வண்டி உள்ளே வந்து அந்தப்பக்கம் போறதுக்கா?

வண்டி போகவும் வசதிதான், ஆனால் கதவு அதற்காக மட்டும் இல்லை. அந்த இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள தரைதான் களம். இங்கே அறுவடைக் காலமான ஆகஸ்டு, செப்டம்பரில்கூட மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது, திறந்த வெளியில் களம் போட்டால் தானியம் நனைந்து முளைத்துவிடும். ஆகவே களத்தையே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஓட்ஸ், பார்லிக் கதிர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து களத்தின் இரு பக்கமும் உள்ள கண்ணறைகளில் முகடு வரைக்கும் அடுக்கிவிடுவார்கள். அப்புறம் வேண்டிய கட்டை எடுத்துப் பிரித்துப் போட்டு, இரண்டு கம்பைத் தோல்வாரால் கோத்த அடிகோலால் இருவர் மாறிமாறி அடிப்பார்கள். அடித்து முடித்ததும் இரண்டு கதவையும் திறந்தால் காற்று குறுக்கே பாயும். தானியத்தை வாரி உயரே வீசினால் பதர் பறந்து போகும், மணி கீழே விழும். தூற்றுவதற்குக் காற்று வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், இங்கே அந்தக் காற்றைத் திறக்கவும் மூடவும் கதவு போட்டிருக்கிறார்கள்.

கதவு நிலையின் அடியில் இரண்டு பக்கமும் ஒரு காடி வெட்டியிருந்தால் குனிந்து பாருங்கள். அதில் முழங்கால் உயரத்துக்குப் பலகை செருகுவார்கள். அடிக்கும்போது தானியம் வெளியே சிதறாது, கோழியும் பன்றியும் உள்ளே வராது.

எல்லாக் கதிரையும் ஒரே மூச்சில் அடித்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள், ஏனென்றால் அடித்தால்தான் புது வைக்கோல் வரும், மாட்டுக்குத் தீவனமும் படுக்கையும் அதுதான். கொட்டகையும் தொழுவமும் ஒட்டி ஒட்டி இருப்பது இதனால்தான், வைக்கோலைத் தூக்கிக்கொண்டு மழையில் நடக்க யாருக்கும் ஆசையில்லை. நீள வீட்டையும் (மேலே சொன்னேன்) கொட்டகையையும் சேர்த்துப் பார்த்தால் தானியம், வைக்கோல், மாடு, எரு, மறுபடி வயல் என்று ஒரு வட்டம் கண்ணுக்குத் தெரியும். வீடு அந்த வட்டத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

கொட்டகைச் சுவர்ல அம்பு விடுற துவாரம் இருக்கே, அங்கே சண்டை நடக்குமா?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. அது காற்றுக்கான துவாரம். வெளியே நின்று பார்த்தால் கை நுழையும் அகலம்தான் இருக்கும், உள்ளே போய்ப் பாருங்கள், சுவரின் கனத்துக்குள்ளேயே விரிந்து விரிந்து மூன்று நான்கு மடங்கு அகலமாகிவிடும். மழைச்சாரல் உள்ளே வராது, வெளிச்சமும் காற்றும் விரிந்து பரவும். முழுக்கக் காயாத கதிரைக் காற்றில்லாமல் அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும், உள்ளே சூடேறும், ஈரவைக்கோல் போர் தானாகத் தீப்பிடிப்பதும் உண்டு.

மரக் கொட்டகையில் இதே வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். ஸ்ட்ரீட் லிடன் கொட்டகைச் சுவரில் ஓக் பட்டைகளைக் கூடை மாதிரிப் பின்னி, மேலே மண் அப்பாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவர் முழுக்க மூச்சு விடும். வெயில் அடிக்கும் நாளில் உள்ளே நின்றால் தரையெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சக் கட்டங்கள் விழுந்து கிடக்கும்.

உச்சியில ஒரு ஓட்டை?

ஆந்தைக்கு. ஆந்தை வந்தால் எலி குறையும்.

தொழுவம், கொட்டகை தவிர முற்றத்துல வேற என்னெல்லாம் இருக்கும்?

குதிரை லாயம், அதன் மேலே பரணில் வேலையாட்கள் படுக்க இடம், வெளிப்பக்கம் கல்படி வைத்த தானிய அறை, வடக்குப் பக்கம் குளுமையான பால் அறை. தென் வேல்ஸில் கல்லை வட்டவட்டமாக உள்வாங்கி அடுக்கிக் கூம்பாக முடித்த பன்றிக் கொட்டில்களும் உண்டு, பான்டிபிரித் பக்கத்திலிருந்து வந்த ஒன்று சென்ட் ஃபேகன்ஸில் நிற்கிறது. பன்றிக்கு இவ்வளவு அழகான வீடா என்று எல்லாரும் நின்று பார்ப்பார்கள்.

அந்த ரத்தச் சிவப்பு வீடு, பெயின்ட் கம்பெனி விளம்பரமா?

கென்னிக்ஸ்டன், 1610. கோவர் தீபகற்பத்திலிருந்து வந்தது. சிவப்பு நிறம் கெட்ட ஆவிகளை அண்டவிடாது என்ற நம்பிக்கை இருந்தது, நாம் திருஷ்டி கழிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் சிவப்புப் பழம் காய்க்கும் ரோவன் மரம் வைப்பதும் அதே காரணத்துக்குத்தான். வேறு பழைய வீடுகளின் உத்திரங்களில் மெழுகுதிரியை வேண்டுமென்றே பிடித்துச் சுட்ட துளி வடிவக் கருக்கல்கள் தெரியும், அவையும் காப்பு அடையாளம் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

பாதி வீட்டுப் பேரு ஹென்ட்ரேன்னு ஆரம்பிக்குது, ஏன்?

ஹென்ட்ரே என்றால் பள்ளத்தாக்கில் உள்ள நிரந்தர வீடு, குளிர்கால வீடு. ஹாவோட் என்றால் மலைமேல் உள்ள கோடைக்கால வீடு. மே 1 வாக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போய், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்துகொண்டு இருந்துவிட்டு, நவம்பர் 1 வாக்கில் இறங்குவார்கள். வரைபடத்தில் இந்த இரண்டு பெயரும் எங்கே வருகின்றன என்று பார்த்தாலே பழைய மேய்ச்சல் வழி கண்ணுக்குத் தெரியும்.

மாடி வீடு எப்போ வந்தது?

வடமேற்கே எரிரி (ஸ்னோடோனியா) மலைப்பகுதியில் 1500-களின் நடுவிலேயே முழு இரண்டு தளக் கல் வீடுகள் வந்துவிட்டன. பக்கச் சுவர் முனையில் பெரிய புகைபோக்கி, அடுப்பின் ஓரமாகச் சுற்றி ஏறும் கல்படி, எதிரெதிர்க் கதவோடு ஒரு ரேழி. பென்மாக்னோ அருகே டீ மௌர் விப்ர்னான்ட் போய்ப் பாருங்கள், 1588-ல் வெளிவந்த வெல்ஷ் விவிலியத்தை மொழிபெயர்த்த பிஷப் வில்லியம் மார்கன் பிறந்த இடம் அது.

ஸ்லேட் கூரை ஆதியிலிருந்தே இருக்கா?

எல்லா இடத்திலும் இல்லை. வைக்கோல் கூரைதான் பரவலாக இருந்தது. ஸ்லேட் கிடைக்கும் மலைப்பக்கங்களில் தடித்த, கோணல்மாணலான பலகைக்கற்களை ஓக் ஆப்பால் தொங்கவிட்டார்கள். பென்ரின், டினோர்விக் குவாரிகள் பெரிதான பிறகு, குறிப்பாக ரயில் வந்த பிறகு, மெல்லிய நீல ஸ்லேட் எல்லா இடத்துக்கும் போனது. வடமேற்கு வேல்ஸ் ஸ்லேட் நிலப்பரப்பு 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பழைய கூரையில் இறவாரத்தில் பெரிய கல், மேலே போகப்போகச் சின்னக் கல் என்று இருக்கும்: மழைத்தண்ணீர் அதிகம் சேரும் கீழ்ப்பகுதியில் இணைப்பு குறைவாக இருக்கட்டும் என்பதற்காக.

1508னு எப்படி அவ்வளவு துல்லியமா சொல்றீங்க? கல்வெட்டா?

மரமே சொல்கிறது. ஓக் மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும், நல்ல மழை வருஷம் அகலம், வறண்ட வருஷம் ஒடுக்கம். உத்திரத்திலிருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சியைத் துளைத்தெடுத்து, அந்த அகலம்-ஒடுக்கம் வரிசையை ஏற்கெனவே தேதி தெரிந்த மரங்களின் வரிசையோடு பொருத்துவார்கள். பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் மிச்சமிருந்தால் வெட்டிய வருஷமே கிடைத்துவிடும்.

வெட்டிய வருஷம் எப்படிக் கட்டிய வருஷம் ஆகும் என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. ஓக் காய்ந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது, ஆகவே பச்சையாகவே செதுக்கிச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். நின்ற பிறகு காய்ந்து முறுக்கிக்கொள்வதால்தான் பழைய சட்டங்கள் அப்படிக் கோணலாகத் தெரிகின்றன, மூட்டும் இறுகுகிறது. ஆனால் பழைய மரத்தை எடுத்து வேறு வீட்டில் போடுவதும் உண்டு, சம்பந்தமில்லாத இடத்தில் வெற்று ஆப்புத்துளை இருந்தால் உஷாராக வேண்டும்.

இப்போ மாடி, புகைபோக்கி எல்லாம் இருக்கிற வீடு முன்னாடி திறந்த கூடமா இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டார்ச் எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறுங்கள். மேலே சொன்ன நடுக்கூட நெருப்பின் புகை கைமரங்களில் கரியாகப் படிந்திருக்கும். பின்னால் மாடித்தளம் போட்டுப் புகைபோக்கி கட்டியிருந்தால், கீழே எல்லாம் வெள்ளையடித்து மாறியிருக்கும், மேலே மட்டும் கரி அப்படியே இருக்கும். கரி படிந்த கைமரம் படுக்கை அறைக்கு மேலே இருந்தால், அந்த அறை இருந்த இடம் ஒரு காலத்தில் கூடம்.

கல் சுவர்ல ஈரம் ஏறுது, சிமென்ட் பூசிட்டா நின்னுடுமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தச் சுவர்கள் கல், மண், சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை, ஈரம் உள்ளே வரும், காற்றில் காய்ந்து வெளியே போகும். சிமென்ட் அந்த வெளியேறும் வழியை அடைத்துவிடும். நான் இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் வெளியே சிமென்ட் வைத்து இடுக்கெல்லாம் அடைத்திருந்தார்கள், உள்ளே கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். வெளியே கல்லின் முகம் தோல் உரிவது போலப் பெயர்ந்து வந்தது. சிமென்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு வைத்து, கூரைத் தண்ணீர் சுவரடியில் தேங்காமல் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பழைய கொட்டகை விலைக்கு வருது. வாங்கி வீடா மாத்திடலாமா?

மாற்றலாம், ஆனால் முதலில் அது பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலைப் பராமரிப்பது காடூ என்ற அரசு அமைப்பு, வெல்ஷில் அந்தச் சொல்லுக்குக் காப்பது என்று பொருள். அனுமதி தருவது உள்ளூர் திட்டமிடல் அலுவலகம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: கொட்டகை தனியாகப் பட்டியலில் இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ள பண்ணை வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கிறது என்றால், அதுவும் பட்டியலில் சேர்ந்ததாகவே பெரும்பாலும் கருதப்படும். (தேதியைக் கவனித்தீர்களா? சென்ட் ஃபேகன்ஸ் திறந்த அதே நாள், தற்செயல்தான்.) வெளவால் குடியிருந்தால் தனி உரிமம் வேண்டும், கொட்டகை ஆந்தை கூடு கட்டியிருந்தால் அதைக் கலைப்பது குற்றம்.

என் அபிப்பிராயம் கேட்டால், களக் கதவுகளைப் பெரிய கண்ணாடியாக்கி அந்த நடு வெளியைத் திறந்தே வையுங்கள். அதன் நடுவே தளம் போட்டு மூன்று படுக்கை அறை எடுத்தால் கொட்டகை போய்விடும், சுவர் மட்டும் மிஞ்சும். காற்றுத் துவாரங்களை ஜன்னலாக இடித்து அகலமாக்குவதும் அதே தப்புதான்.

அருங்காட்சியகத்துல வீடு ஒரு ஊரு, கொட்டகை ஒரு ஊரு. நீங்க சேர்த்துப் பாருங்கங்கிறீங்க, எப்படிப் பார்க்கிறது?

உண்மை, அதுதான் சென்ட் ஃபேகன்ஸின் குறை. கட்டடம் வந்தது, முற்றமும் சரிவும் வரவில்லை. கிலெவென்டைச் சமதரையில் பார்த்துவிட்டு நான் சொன்ன வாய்க்கால் கணக்கை மனசில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்குத் தென்கிழக்கு வேல்ஸில் உள்ள லான்தோனி பள்ளத்தாக்குக்குப் போங்கள், அங்கே லுவின் கெலின் என்ற பண்ணை இருக்கிறது. 1420 வாக்கில் கட்டிய, திறந்த கூடம் கொண்ட வீடு, பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் முதல் தரத்தில் உள்ளது, 1600-களின் கடைசியில் நடுவே தளம் போட்டு மாடியாக்கினார்கள். இடிந்து விழும் நிலையிலிருந்து ஒரு அறக்கட்டளை மீட்டு 2018-ல் திறந்தது. வீடும் களக் கொட்டகையும் தொழுவமும் அதே மலைச்சரிவில் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வீட்டில் தங்குபவர்கள் இருப்பார்கள், ஆகவே உள்ளே போகத் திறந்துவிடும் நாள்களை முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்யும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நேரிலேயே பார்க்கலாம்.